அடிப்படிக் கொக்கி

ஏனுங்க, இந்த சீட்டுக்கு ஆள் வருதுங்களா? வரலீங்களா, அப்பச் சரி. நீங்க ஜன்னலோரமா நகந்துக்குங்க, நான் இந்தப் பக்கமே உக்காந்துக்கறேன். காத்துக்கோசரம் சொல்லலீங்க. ஓரத்துல உக்காந்து கீழ தரையைப் பாத்துட்டே வந்தா எனக்கு ஆகறதில்லை. பஸ்ஸு உசரத்துக்கே இப்பிடியான்னு நெனைப்பீங்க. இப்பெல்லாம் ஊட்டுல பல்பு மாட்டறதுன்னாக்கூட என்ற ஊட்டுக்காரியத்தான் ஸ்டூல் மேல ஏத்தி விடறேன். நான் கீழ நின்னு ஸ்டூலைப் புடிச்சுக்குவேன்.

உக்கடம் வரைக்குங்களா? நானும் அங்கதான். பை உங்க கால்ல இடிக்குதோ என்னமோ, இருங்க, மடியில வெச்சுக்கறேன். முருங்கக்காயும் தேங்காயும்தான். என்கூட வேலை பாக்கற திருமூர்த்தியோட ஊட்டுக்காரி கலாமணி குடுத்து உட்டா. வேண்டாம் தாயி, வேண்டாம் தாயின்னு கெஞ்சிப் பாத்தேன், கேக்கலை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவ தம்பிகிட்டச் சொல்லி வண்டியில கொண்டாந்து வேற உட்டா. அதுதானுங்க எனக்குப் பயமா இருக்குது. காலு ஒடிஞ்சு ரெண்டு மூணு மாசமா ஊட்டுல கெடக்கறவன், சம்பளம் இல்லாம கெடக்கறவன், அவன் ஊட்டுல இருந்து எனக்கு இத்தனை தேங்கா குடுத்து அனுப்பறாங்கன்னா அதுக்கு என்னங்க அர்த்தம்? நீங்களே சொல்லுங்க.

இல்லீங்க, ஒண்ணுமில்லை. ஹாரன் அடிச்சானல்ல, அதுதான். கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டுருச்சு. இந்த ஏர் ஹாரன் சத்தம் கேட்டாலே எனக்கு அந்த ஞாபகம். சொல்றேன் இருங்க, உங்களுக்குத் தூக்கம் வரலீன்னா சொல்றேன். ஊட்டுல சொல்ல முடியலை, கம்பெனியில சொல்லவே முடியாது. நீங்க ஆரோ நான் ஆரோ.

நான் கோயமுத்தூர்ல ஒரு சின்னக் கம்பெனியில டிசைன் பாக்கறவனுங்க. படம் போட்டுக் குடுக்கறது என்ற வேலை. திருமூர்த்தி அங்கயே வெல்டர். நான் போடற படத்தை அவன் இரும்புல பண்ணித் தருவான். முன்னால கிரைண்டர் ஸ்டாண்டு, மோட்டார் ஸ்டாண்டுன்னு பண்ணிட்டு இருந்தோம். போன வருசம் முதலாளி வெள்ளிங்கிரிக்கு ஒரு வெளிநாட்டு ஆர்டர் வர்றாப்பல இருந்துச்சு. என்னன்னா, மரத்துல மாட்டற சீட்டு. அங்கெல்லாம் சர்க்காரே லைசன்ஸ் குடுத்து மான் சுட உடறாங்களாமா. கீழ நின்னா மான் மோப்பம் புடிச்சுட்டு ஓடிருமாம், அதனால மரத்து மேல ஏறி உக்காந்துக்கறாங்க. நம்ம காட்டுல பரண் கட்டிப் பன்னிக்குக் காவல் இருக்கறமல்ல, அதாட்டந்தான். ஆனா இது மடிச்சு முதுகுல மாட்டிட்டுப் போற பரண். எந்த மரம் வேணுமோ அதுல பெல்ட்டைச் சுத்தி மாட்டிக்கலாம்.

நான் சைவமுங்க. முட்டைகூடத் தொட்டதில்லை. வேட்டைன்னா என்னன்னே தெரியாது. ஆனா படம்னு வந்துட்டா படந்தானுங்களே. ஒரு மனுசன் மரத்துல எப்பிடி உக்காருவான், எங்க கால் வெப்பான், எங்க கை வெப்பான்னு ராத்திரியெல்லாம் ரோசனை பண்ணிப் போட்ட படம் அது. வாங்கறவங்க அனுப்புன விவரத்துல ஒண்ணு எழுதியிருந்தாங்க, இத்தனை உசரத்துல உக்காந்தா மிருகம் மேல நிமிந்தே பாக்காதுன்னு. அதைப் படிச்சுட்டு நான் கம்பெனியில எல்லாருகிட்டயும் சொல்லிட்டுத் திரிஞ்சேன். மிருகம் மேல பாக்காதுடா, அதுக்கு அந்தப் பழக்கமே கெடையாதுன்னு.

சீட்டை உடுங்க, அது ஆரு வேணாப் பண்ணுவாங்க. என்ற சாமர்த்தியம் படியில இருக்குது. ஏணியை நாலு துண்டாப் பண்ணி, துண்டுக்கு ஒரு பெல்ட் வெச்சு, மரத்துல ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிட்டே ஏறோணும். மேல மூணு துண்டும் இறுக்கிக் கட்டினது. அடியில இருக்கற துண்டு மட்டும் கட்டினதில்லை, கொக்கியில தொங்கும். அதுல ஒரு கயிறு கட்டி, கயித்து நுனி மேல சீட்டுக் கைப்பிடிக்குப் போயிரும். மேல உக்காந்தவன் கயித்தை இழுத்தாப் போதும், அடிப்படி கொக்கியை உட்டு மேல வந்துரும். அது இல்லைன்னா அடுத்த படியை எவனும் எட்டிப் புடிக்க முடியாது, அந்த அளவுலதான் வெச்சேன். அந்த ஊர்ல ஒருத்தன் சீட்டை இன்னொருத்தன் ஏறிக் கழட்டிட்டுப் போயிருவானாமா, அதுக்கோசரம். எறங்கறப்ப கயித்தை உட்டா நேரா வந்து கொக்கியில உக்காந்துக்கும். அதுவாக் கழறவே கழறாது. யானை வந்து முட்டினாலும் கழறாது. இது நான் பேச்சுக்குச் சொல்லலீங்க.

எங்க முதலாளிக்கு ஒரு பழக்கம். எது புதுசாப் பண்ணினாலும் முதல் உருப்படிக்குப் பூசை போட்டாகோணும். பூசை போட்டு, அதைப் படம் போட்டவன் முதல்ல உபயோகப்படுத்திக் காட்டோணும். கிரைண்டர் ஸ்டாண்டுன்னா பரவாயில்லை, மாவு ஆட்டிக் காட்டிட்டு வந்துரலாம். இது மரமுங்க. எனக்கு உசரம் ஆகாதுன்னு அவருகிட்ட எப்பிடிச் சொல்றது? மரத்து சீட்டுக்குப் படம் போட்டவனுக்கு மரம் ஏறப் பயம்னா ஆர்டர் குடுப்பாங்களா? திருமூர்த்திகிட்ட மட்டும் சொன்னேன். நீங்க ஏறுங்கண்ணா, நான் கீழயே நிக்கறேன், நீங்க எறங்கற வரைக்கும் எங்கயும் போகமாட்டேன்னான்.

முதலாளியோட மச்சினன் தோட்டம் உடுமலைக்குத் தெக்கால, மலையடிவாரத்துல இருக்குது. வரப்போரத்துல நெட்டுக்குத்தா ஒரு தேக்கு. வைகாசி வெள்ளிக்கிழமை அன்னைக்கு அங்க பூசை. மரத்துக்கு ரெண்டு பக்கமும் வாழைக்கன்னு கட்டி, கரும்பு சாத்தி, ஒரு தார் பழம், பொரி, வெல்லம், பொங்கல், எல்லாம் படையல் வெச்சாங்க. முதலாளி மாமியா ஊட்டுப் பலா மரத்துப் பழம் வேற, ஒரு ஆள் தூக்க முடியாத பழம். சீட்டுக்கு, படிக்கு, கயித்துக்கு, எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். நானும்தான் கும்புட்டேன், சாமி என்னைக் கீழ உழுகாம காப்பாத்துன்னு. காட்டோரத்து மரத்தடியில பலாவையும் வாழையையும் குமிச்சு வெச்சுட்டு மேல ஒரு ஆளை ஏத்தறமேன்னு அத்தனை பேர்ல ஒருத்தனுக்கும் தோணலை பாருங்க. படையலை உடனே எடுக்கக்கூடாது, சாங்காலம் வரைக்கும் இருக்கட்டும்னு முதலாளி சொல்லிட்டாரு. அவரும் மத்தவங்களும் பொங்கலைத் தின்னுட்டு தோட்டத்துல இருக்கற சாளை ஊட்டுக்குப் போயி படுத்துட்டாங்க.

நான் மேல உக்காந்திருக்கேன். நாலு ஆள் உசரமுங்க. பெல்ட்டை மாட்டி இறுக்கிட்டு, மலையை மட்டும் பாத்துட்டு உக்காந்திருக்கேன். மூச்சு உட்டாலே சீட்டு ஆடறாப்பல இருக்குது. என்ற படந்தான், இத்தனை எடை தாங்கும்னு நானே கணக்குப் போட்டதுதான், ஆனா உக்காந்திருக்கறப்ப அந்தக் கணக்கெல்லாம் எவனோ போட்டதாட்டம் இருந்துச்சு. திருமூர்த்தி கீழ இருந்தான். சும்மா இருக்க முடியாதவன். பொங்கப் பானையைக் கழுவிட்டு வந்தர்றேன்ணா, இங்கதான் வாய்க்காலுன்னு கேட்டான். போயிட்டு சுருக்கா வான்னேன். கூப்பிடு தூரந்தான். கல்லு கட்டின பெரிய வாய்க்கா, தண்ணி கணுக்காலளவுக்குத்தான் இருக்கும்.

வெயில் சாஞ்சு போச்சு. அந்தப் பக்கம் மக்காச்சோளக் காடு. சோளம் ஆடுச்சு. காத்துன்னு நெனச்சேன். காத்துன்னா எல்லாம் ஆடோணுமல்லங்க. ஒரே தடத்துல மட்டும் ஆடிட்டு வருது, என்னைப் பாத்து வருது. அப்புறம் முதுகு தெரிஞ்சுது. ஒத்தை யானை. ஒரு சத்தம் இல்லீங்க, அவ்வளவு பெரிய உருவம் சோளத்துக்குள்ள வர்றப்ப எலி ஓடற சத்தம்கூட இல்லை.

கத்தியிருக்கலாமேன்னு நீங்க நெனைக்கறது தெரியுது. யானையைக் கண்டா கத்தக்கூடாதுன்னுதானே எல்லாரும் சொல்றாங்க? கத்தினா அதுக்குக் கோவம் வந்துரும். கயிறு கைப்பிடியில கெடந்துச்சு. நான் இழுக்கோணும்னு இழுக்கலீங்க. கையி இழுத்துருச்சு. யானை படி ஏறுமான்னு இப்பக் கேட்டா எனக்கே சிரிப்பாத்தான் வருது. அன்னைக்கு அந்த யானை அந்தப் படியில கால் வெச்சு ஏறி வரும்னுதான் எனக்குத் தோணுச்சு. பயத்துல மனுசன் புத்தி அப்பிடித்தானுங்களே போகும்.

திருமூர்த்தி அதுக்கு அப்புறந்தான் யானையைப் பாத்தான். பானையை வீசிட்டு ஓடியாறான். எந்தப் பக்கமுன்னு நெனைக்கறீங்க? மரத்தைப் பாத்து. யாராச்சும் அப்பிடி ஓடியாருவாங்களா? பழமெல்லாம் மரத்தடியில, யானை வர்றது பழத்துக்கு. பின்னால திரும்பிச் சாளையைப் பாத்து ஓடியிருந்தா அவனுக்கு ஒண்ணுமே ஆயிருக்காது. மேல நான் இருக்கறேன்னு நம்பி ஓடியாந்திருப்பான் போல. அவன் வந்து சேர்றப்ப அடிப்படி அந்தரத்துல ஏறிட்டு இருந்துச்சு. எம்பிப் புடிச்சான். புடி கெடைக்கலை, ரெண்டு விரல் பட்டுச்சு, அந்த பாரம் கயித்துல எனக்குத் தெரிஞ்சுது. நான் இன்னொரு இழு இழுத்துட்டேன். கயிறு பாரமானா இழுக்கறதுதானுங்களே எல்லாருக்கும் தோணும். "அண்ணா, உடுங்கண்ணா"ன்னான். ரெண்டு தடவை. மெதுவாத்தான் சொன்னான், யானைக்குக் கேட்டுரும்னு. மூணாவது தடவை வாயைத் தொறந்தான், சொல்லலை. அப்பிடியே திரும்பி ஓடி வாய்க்காலுக்குள்ள குதிச்சுட்டான். குதிச்சதுல தொடையெலும்பு போயிருச்சு.

இதுல ஒண்ணு நீங்க தெரிஞ்சுக்கோணும். சீட்டுல உக்காந்தா மரத்தடி தெரியாதுங்க. கால் வைக்கற தட்டு மறைச்சுக்கும். நான் போட்ட படம், எனக்குத் தெரியாதா? அந்த உசரத்துக்குக் கீழ பேசறது காதுலயும் உழுகாது. அதனால அவன் வந்ததையோ எம்பினதையோ நான் பாக்கலை. பாக்கறதுக்கே வழியில்லை. இதைப் படத்தை வெச்சு ஆருகிட்ட வேணா நிரூபிச்சுக் காட்டுவேன்.

யானை நிதானமா வந்துச்சுங்க. பலாப்பழத்தை ஒரு மிதி மிதிச்சுது, பொளந்துக்கிச்சு. அந்த வாசம் மேல வரைக்கும் வந்துச்சு. இன்னைக்கு வரைக்கும் பலாப்பழம் எங்க ஊட்டுல வாங்கறதில்லை. அப்புறம் வாழைத்தாரு. அப்புறம் கட்டியிருந்த வாழைக்கன்னை உருவி, நாரைக் கழட்டிப் போட்டுட்டுத் தின்னுச்சு. தின்னுட்டு மரத்துல முதுகைத் தேச்சுது பாருங்க, நான் செத்தேன்னு நெனச்சேன். சீட்டு கறக்கு கறக்குன்னு சத்தம் போடுது. ஒவ்வொரு பத்தவெச்ச எடமும் இப்ப உடும், இப்ப உடும்னு எண்ணிட்டு இருந்தேன். உடலை. திருமூர்த்தி வெல்டிங் வெச்சா உடாது, அதைச் சொல்லோணும்.

அப்புறம் அது நிமிந்து பாத்துச்சுங்க. மேல பாக்கவே பாக்காதுன்னு எழுதியிருந்தானல்ல, அவனைக் கொண்டாந்து அங்க உக்கார வைக்கோணும். தும்பிக்கையைத் தூக்கி நீட்டுது, நீட்டுது, நான் கால் வெச்சிருக்கற தட்டுக்கு ஒரு முழம் கீழ வந்து நிக்குது. நுனியில ஈரம் தெரியுது. என்ற செருப்பை மோந்து பாக்குது, ஊஸ் ஊஸுன்னு. சின்னக் கண்ணு, அதுல ஒண்ணுமே தெரியலை, கோவமும் இல்லை எரக்கமும் இல்லை. நான் குலசாமி பேரைச் சொல்லப் பாத்தேன், பேரு ஞாபகம் வரலை. இத்தனை வருசம் கும்புட்ட சாமி பேரு. பேன்ட் எல்லாம் நனைஞ்சு போச்சு. அது வேர்வைங்க.

எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியாது. வாய்க்காலுக்குள்ள திருமூர்த்தி கெடந்தான். எலும்பு ஒடிஞ்சு கெடந்தவன் முனகக்கூட இல்லை. முனகினா யானை அங்க வந்துரும், இல்லைன்னா கோவத்துல மரத்தைப் போயி முட்டும்னு துண்டை வாயில திணிச்சுட்டுக் கெடந்தானாமா. இதெல்லாம் இன்னைக்கு அவன் ஊட்டுக்காரி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அப்புறம் தோட்டத்து ஆளுக பாத்துட்டு வெடியும் டிராக்டருமா வந்தாங்க. யானை இந்த ஏர் ஹாரனாட்டமே ஒரு பிளிறு பிளிறிட்டுப் போயிருச்சு. அவங்க கிட்ட வர்றதுக்குள்ள நான் கயித்தை உட்டேன். பாத்து எறக்கக்கூட இல்லை, சும்மா உட்டேன், அப்பக்கூட அடிப்படி நேராப் போயி கொக்கியில உக்காந்துச்சு பாருங்க. டக்குனு ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த மாதிரிக் கொக்கி அது. முதலாளி ஓடியாந்தப்ப படி இருக்க வேண்டிய எடத்துல இருந்துச்சு. என்னை எப்பிடி எறக்கினாங்கன்னே எனக்குத் தெரியலை, நாலு பேர் புடிச்சு எறக்கினாங்கன்னு சொன்னாங்க.

திருமூர்த்தியை வாய்க்கால்ல இருந்து தூக்கி வரப்புல படுக்க வெச்சாங்க. முதலாளி கேட்டாரு, ஏண்டா, படிதான் இருக்குதே, ஏறியிருக்கலாமல்ல, என்னடா ஆச்சுன்னு. எனக்கு அந்நேரம் யானையே திரும்பி வந்துருந்தாத் தேவலைன்னு இருந்துச்சு. அவன் படியைப் பாத்தான். கொக்கியில மாட்டி இருக்குது. அப்புறம் என்னைப் பாத்தான். "ஏறத்தானுங்க வந்தேன், கொக்கி உட்டுருச்சு, படி நழுவிருச்சுங்க"ன்னான். அவ்வளவுதான் சொன்னான்.

நல்லதுதானே, மானத்தைக் காப்பாத்திட்டானேன்னு நீங்க நெனைக்கறீங்க. நானும் ஒரு நாள் ரெண்டு நாள் அப்பிடித்தான் நெனச்சேன். அதுக்கப்புறந்தானுங்க வெவகாரமே. கொக்கி உட்டுருச்சுன்னு ஒருத்தன் காலை ஒடிச்சுக்கிட்டா முதலாளி சும்மா இருப்பாரா? இந்தக் கொக்கியே வேண்டாம், ஆளைக் கொல்லற கொக்கி, அடிப்படிக்கும் பெல்ட்டைப் போட்டு போல்ட்டை இறுக்குன்னுட்டாரு. கம்பெனியில டீக்கடையில எங்க பாத்தாலும் தெய்வசிகாமணி கொக்கி, தெய்வசிகாமணி கொக்கின்னு ஒரே கேலி. எது கழண்டாலும் என்ற பேரைச் சொல்றானுக. தெய்வசிகாமணி நான்தானுங்க. கழறாத கொக்கியை எவனோ கழறும்னு சொன்னா அதைப் படம் போட்டவனுக்கு எப்பிடி இருக்கும்? கழறாதுங்கன்னு முதலாளிகிட்ட எத்தனை தடவை சொன்னேன். அப்ப எப்பிடிடா அவன் உழுந்தான்னு கேக்கறாரு. அதுக்கு நான் என்னன்னு சொல்றது?

இதை ரோசனை பண்ணிப் பண்ணித்தான் எனக்கு வேற பயம் வந்துச்சு. இவன் எதுக்குப் பொய் சொன்னான்? எனக்கோசரம்னா, எதுக்கு எனக்கோசரம்? ஒரு மனுசன் காரணமில்லாம அப்பிடிப் பண்ணுவானா? மனசுல வெச்சிருக்கான், நேரம் பாத்து எடுப்பான்னு தோணுச்சு. ஆஸ்பத்திரிக்கு எல்லாரும் போனாங்க, நான் போகலை. கறிவேப்பிலை வாங்கக் கடைக்குப் போனாக்கூட அவன் குச்சி ஊணிட்டு எதுக்கால வர்றாப்பல இருக்கும். தூங்கறப்ப கயிறு பாரமாகும், எந்திரிச்சு உக்காந்துக்குவேன். ஊட்டுக்காரி மந்திரிச்சுக் கயிறு கட்டறேன்னா. கயிறே வேண்டாம்டீன்னேன்.

அதனாலதான் இன்னைக்கு மனசைத் தேத்திட்டு அவன் ஊட்டுக்குப் போனேன். என்ன கேக்கறதுன்னு தெளிவா முடிவு பண்ணிட்டுத்தான் போனேன். கொக்கி உடலை, நான் மரத்துக்கிட்டயே வரலை, பயந்துட்டு நேரா வாய்க்கால்ல குதிச்சுட்டேன்னு முதலாளிகிட்டச் சொல்லுப்பான்னு கேக்கோணும். அவனுக்கும் கெட்ட பேரு இல்லை, எனக்கும் இல்லை, கொக்கிக்கும் இல்லை. ஞாயந்தானுங்களே?

ஊட்டுக்குள்ள போனா, கலாமணி ஓடியாந்து கும்புடறா. "நீங்க மேல இருந்தீங்கன்னுதான் அவருக்கு உசுரு தங்குச்சு, இல்லைன்னா தனியாக் கெடந்து பயத்துலயே போயிருப்பாரு"ங்கறா. அவன் ஊட்டுல சொல்லி வெச்சிருக்கறது அப்பிடி. அவ குடுத்த காபியை நான் கீழ வெச்சுட்டேன். அவன் கட்டுலை உட்டு எந்திரிச்சு குச்சியை ஊணிட்டு வந்து எனக்கு நாற்காலி போடறான். கட்டு அவுத்துட்டாங்க, ஆனா அந்தக் காலு நீளம் கொஞ்சம் கம்மியாயிருச்சு போல, சாஞ்சு சாஞ்சு நடக்கறான். நான் அந்தக் காலைப் பாக்காம செவுத்துல இருந்த காலண்டரைப் பாத்துட்டுப் பேசினேன்.

கேட்டுட்டேன். அவன் ஒரு நிமிசம்கூட ரோசனை பண்ணலீங்க. "அய்யோ, கொக்கிக்குக் கெட்ட பேரு ஆயிருச்சுங்களா, எனக்குத் தெரியாதுங்களேண்ணா"ன்னுட்டு, அங்கயே செல்லை எடுத்து முதலாளிக்குப் போட்டு, நான் சொன்னதை அப்பிடியே சொல்லிட்டான். முதலாளி நல்லாத் திட்டினாரு, புத்தி கெட்டவனே, நல்ல கொக்கியைப் போயி குத்தஞ்சொல்லி வெச்சிருக்கியேன்னு. ஆமாங்க முதலாளி, ஆமாங்க முதலாளின்னு கேட்டுக்கிட்டான். அப்பச் செரி, ஆடி முடியட்டும், ஆவணி முதல் வெள்ளிக்கிழமை அதே மரத்துல மறுபடியும் மாட்டிப் பாத்துரலாம், கொக்கியோடயே போயிரலாம்னு முதலாளி சொன்னது எனக்கே கேட்டுச்சு. நான் வந்த காரியம் முடிஞ்சு போச்சு. சந்தோசமா எந்திரிச்சிருக்கோணும்.

செல்லைக் கீழ வெச்சுட்டு ஒண்ணு கேட்டான். "அண்ணா, நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

கேக்கலையேப்பா, மேல ஒண்ணுமே கேக்காதுன்னேன்.

"அப்பச் செரிங்கண்ணா"ன்னான். நெஞ்சுல இருந்து என்னமோ எறக்கி வெச்சாப்பல மூச்சு உட்டான். இத்தனை நாளா அதுதான் அவனுக்குப் பெரிய ரோசனையா இருந்துச்சாமா. கேட்டிருக்காது, கேட்டிருந்தா அண்ணன் உட்டிருப்பாருன்னு ஊட்டுல சொல்லிட்டே இருப்பானாமா. கலாமணியும் ஆமாங்கண்ணா, டெய்லி சொல்லுவாருன்னா. ரெண்டு பேரும் சிரிக்கறாங்க. நானும் சிரிச்சு வெச்சேன்.

அப்பிடியே கெளம்பிருந்தா ஒண்ணுமில்லீங்க. வாசல்ல செருப்பு மாட்டறப்ப, பின்னால வந்து நின்னுட்டு, அதே சிரிப்போட சொல்றான். "அண்ணா, உங்களுக்கு உசரம் ஆகாது. ஆவணியில நான் மேல ஏறிக்கறனுங்க. நீங்க கீழ நில்லுங்க."

எதுக்குங்க அப்பிடிச் சொன்னான்? அண்ணனுக்குப் பயம், பாவம்னு சொன்னதாத்தான் கலாமணி தலையாட்டினா. உங்களுக்கும் அப்பிடித்தான் தோணுதுங்களா? உங்களுக்கு அந்த மரம் தெரியாது. அதே மரம், அதே வரப்பு. படையல் போடாம முதலாளி உடமாட்டாரு. மேல அவன் உக்காந்திருப்பான். கயிறு அவன் கையில இருக்கும். கீழ நான் நிக்கோணும். சோளம் ஆடினா முதல்ல அவனுக்குத்தானே தெரியும்?

கிணத்துக்கடவு வந்துருச்சுங்களா. இன்னும் கொஞ்ச தூரந்தான். வர்ற வழியெல்லாம் ரோசனை பண்ணி ஒரு முடிவுக்கு வந்துட்டனுங்க. நாளைக்குக் காத்தால முதல் வேலையா முதலாளிகிட்டப் போறேன். நானே சொல்லிரப் போறேன், அந்தக் கொக்கி சரியில்லீங்க, திருமூர்த்தி முதல்ல சொன்னதுதான் நெசம், எனக்கோசரம் இப்ப மாத்திச் சொல்றான், அடிப்படிக்கும் போல்ட்டைப் போட்டு அசையாம இறுக்கிரலாம்னு. டீக்கடையில கேலி பண்ணினாப் பண்ணிட்டுப் போறானுக. கொக்கி நல்ல கொக்கிதானுங்க, அதுல ஒரு கொறையும் இல்லை. ஆனா நான் கீழ நிக்கறப்ப அது வேண்டாமுங்க.